தவணை கேட்டது யார்

போன வாரம் ஸ்காபரோ வோபர்னில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்து நூலகத்துக்குப் போயிருந்தேன். காரின் காப்புறுதிப் பத்திரத்தை அச்செடுக்க வேண்டியிருந்தது. இயந்திரத்திலிருந்து வந்த தாளைக் கையில் எடுத்தபோது சுட்டது. சூடான தாளும் கரிய மையும் சேர்ந்த அந்த வாசம் மூக்கில் ஏற, என் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. காப்புறுதிப் பத்திரத்துக்கு யாராவது அப்படிப் படபடப்பார்களா? பின்னால் வரிசையில் நின்ற மனிதர் என்ன, சுகமில்லையா என்று கேட்டார். ஒன்றுமில்லை என்று தலையாட்டிவிட்டு வந்து காருக்குள் இருந்தேன். இருந்தபடியே உனக்கு இதை மனதில் எழுதத் தொடங்கிவிட்டேன்.

அதே இயந்திரத்தின் முன்னால்தான் நாங்கள் இரண்டு பேரும் ஒரு ஒக்டோபர் சனிக்கிழமை நின்றோம். பதினான்கு பக்கம் வர வேண்டும். ஒவ்வொரு தாளும் முழுதாய் வெளியே வர முன்னரே நீ அதன் நுனியைப் பிடித்து இழுத்தாய். இழுத்தால் கிழியும் என்று உன் கையைத் தட்டிவிட்டேன். நான்காம் பக்கம் வந்ததும் நீ அதைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாய். இளஞ்சூடாக இருந்தது என்று பிறகு சொன்னாய். அந்தப் பக்கத்தில் உன் கணவர் அன்ரனி அண்ணையின் விடுதலை இருக்கிறதா இல்லையா என்று எங்கள் இருவருக்கும் அப்போது தெரியாது.

நீயும் நானும் உறவு இல்லை, ஊரும் வேறு. பாண் சுடும் தொழிற்சாலையில் நீ பொதி செய்யும் வரிசையில் நின்றாய். நான் அந்த வரிசைக்குப் பொறுப்பு. நான் பன்னிரண்டு வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இங்கே பள்ளிக்கூடம் போனவள். நீ இருபத்தெட்டு வயதில் அன்ரனி அண்ணையைக் கட்டிக்கொண்டு மன்னாரிலிருந்து வந்தவள். ஆறு மாதம் பக்கத்தில் நின்று வேலை செய்த பிறகுதான் உன் கணவர் சிறையில் இருக்கிறார் என்பதே எனக்குத் தெரிந்தது. விடுப்புக் கேட்ட பத்திரத்தில் காரணம் எழுதும் இடத்தில் 'கோர்ட்' என்று எழுதியிருந்தாய். யாருக்கு வழக்கு என்று கேட்டேன்.

"மனுசனுக்கு," என்றாய். கொஞ்சம் பொறுத்து, "எனக்கும்தான்," என்றாய்.

நடந்தது இதுதான். ஸ்காபரோவின் வடக்கு மூலையில் மின்சாதனங்கள் வைத்திருந்த ஒரு களஞ்சியத்தில் கொள்ளை. உள்ளே போனவர்கள் காவலாளியை அடித்துத் தள்ளியதில் அவருடைய இடுப்பு எலும்பு உடைந்தது. சாமான் ஏற்றிய லொறியை ஓட்டியவர் அன்ரனி அண்ணை. மற்றவர்கள் ஓடிவிட, லொறியோடு அவர் பிடிபட்டார். முன்பு ஏதோ சின்ன வழக்கில் நீதிமன்றத் தவணைக்குப் போகத் தவறியவர் என்று பிணையும் கிடைக்கவில்லை. ஆகவே வழக்கு முடியும்வரை உள்ளேதான். வழக்கோ முடிகிற பாடாக இல்லை.

அந்தத் தவணைகள் உனக்கு நினைவிருக்கும். நீ விடியவே எழும்பி இரண்டு பஸ் மாறிப் போவாய். மணிக்கணக்காய் இருப்பாய். அன்ரனி அண்ணையைக் கண்ணாடிக் கூண்டுக்குள் கொண்டுவருவார்கள். சட்டத்தரணிகள் எழும்பி ஏதோ பேசுவார்கள். ஐந்து நிமிடத்தில் அடுத்த தவணை. சில நாள் ஏதோ ஆவணம் வரவில்லை. சில நாள் நீதிபதி இல்லை. பிறகு நான் உன்னோடு வரத் தொடங்கினேன். என்னுடைய வேலை நேரத்தை மாற்றி எழுதி, என் காரில் உன்னை ஏற்றிக்கொண்டு போவேன். போகும் வழியெல்லாம் நீ ஒரு நீலமட்டைக் கொப்பியை மடியில் வைத்திருப்பாய்.

அந்தக் கொப்பியைப் பற்றி முதலில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. ஒவ்வொரு தவணைக்கும் ஒரு பக்கம். திகதி, அறை இலக்கம், எழும்பிப் பேசியவர் யார், என்ன சொன்னார், அடுத்த நாள் எது. உனக்கு விளங்காத ஆங்கிலச் சொற்களைக் காதில் விழுந்தபடியே தமிழில் எழுதி வைத்திருந்தாய். 'டிஸ்குளோசர் இன்னும் வரேல்லையாம்.' 'சிவப்புத் தலைமயிர்க்காரி அவெய்லபிள் இல்லை.' டிஸ்குளோசர் என்றால் அரசுத் தரப்பு தர வேண்டிய ஆவணங்கள். சிவப்புத் தலைமயிர்க்காரி என்றால் அரசுத் தரப்புச் சட்டத்தரணி. எதற்கு இதெல்லாம் எழுதுகிறாய், லோயர் எழுதமாட்டாரா என்று கேட்டேன்.

"அவர் தனக்கு எழுதுறார். நான் எனக்கு எழுதுறன்," என்றாய்.

சில பக்கங்களின் அடியில் இன்னொரு வரியும் இருந்தது. 'அவர் இண்டைக்கும் வந்தவர். திருப்பி அனுப்பிப்போட்டினம்.' அது அந்தக் காவலாளி. அறுபது தாண்டிய மனிதர், கையில் ஊன்றுகோல். சாட்சி சொல்ல மகளோடு வருவார். இன்றைக்கு இல்லை என்று அனுப்பிவிடுவார்கள். நான் அறிய நான்கு தடவை அப்படி நடந்தது. சாட்சியோடு கதைக்கக் கூடாது என்று லோயர் உன்னை எச்சரித்திருந்தார். அதனால் நீ ஒன்றும் கதைக்கவில்லை. அவர் வருவதைக் கண்டதும் வாங்கிலிலிருந்து எழும்பித் தள்ளிப்போய் நிற்பாய், அவர் இருக்கட்டும் என்று. முதல் நாள் அவருக்கு நீ யார் என்று தெரியாது, நன்றி சொன்னார். இரண்டாம் நாள் தெரிந்திருந்தது. அன்றைக்கும் இருந்தார், நன்றி மட்டும் சொல்லவில்லை.

பிடிபட்ட நாளிலிருந்து முப்பத்தொன்பது மாதம் கழித்து விசாரணை முடிந்தது. குற்றவாளி என்று தீர்ப்பு, எட்டு வருடம். உள்ளே இருந்த காலத்தை ஒன்றரை மடங்காய்க் கழித்தும் இன்னும் மூன்று வருடத்துக்கு மேல். அன்ரனி அண்ணை இந்த நாட்டுக் குடியுரிமை எடுக்கவில்லை. அவ்வளவு பெரிய தண்டனை நிலைத்தால், முடிந்ததும் நாடு கடத்துவார்கள். அந்தக் கடிதமும் வந்துவிட்டது. நீ அதை என்னிடம் தந்து வாசிக்கச் சொன்னாய். நான் வாசித்து முடித்ததும் நீ பாண் வரிசைக்குத் திரும்பிப் போய் நின்றாய். அன்றைக்கு நீ கட்டிய பொதிகளில் ஒன்றுகூடப் பிழையாகவில்லை.

இந்த நாட்டில், குற்றம் சாட்டப்பட்ட ஒருவரை நியாயமான காலத்துக்குள் விசாரித்து முடிக்க வேண்டும். அது அவருடைய உரிமை. அவருடையதைப் போன்ற வழக்குக்கு முப்பது மாதம் என்று உச்ச நீதிமன்றம் எல்லை வைத்திருக்கிறது. அதைத் தாண்டினால் அரசுத் தரப்பு தக்க காரணம் சொல்ல வேண்டும். சொல்ல முடியாவிட்டால் வழக்கையே நிறுத்திவிட வேண்டும். ஆனால் எங்கள் தரப்பால் வந்த தாமதத்தை அந்த முப்பதில் சேர்ப்பதில்லை. முதல் லோயர் இதைச் சொல்லி வாதாடித்தான் பார்த்தார். நீதிபதி முப்பத்தொன்பதில் பத்து மாதம் எங்களால் வந்தது என்று கழித்தார். மிச்சம் இருபத்தொன்பது. ஒரு மாதத்தால் போயிற்று.

மேன்முறையீட்டுக்கு வந்தவர் வேறொரு லோயர். சின்ன உருவம், பெரிய தலைக்கவசம். வெயிலோ மழையோ சைக்கிளில்தான் வருவார். நீ அவருக்கு 'சைக்கிள் லோயர்' என்று பெயர் வைத்தாய். முதல் சந்திப்பில் அவர் நம்பிக்கை தரும்படி ஒன்றும் சொல்லவில்லை. மேல் நீதிமன்றம் புதிதாய் விசாரிக்காது, கீழ் நீதிபதி செய்ததில் பிழை இருந்தால்தான் தலையிடும் என்றார். பெரிய தாள் ஒன்றில் எல்லாத் தவணைகளையும் கட்டம் போட்டு வைத்திருந்தார். நீ அந்தத் தாளைப் பார்த்தாய். பிறகு பையிலிருந்து கொப்பியை எடுத்து மேசையில் வைத்தாய்.

அவர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இது எந்த மொழி என்று கேட்டார். அதன் பிறகு நடந்ததை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். அவர் தன் தாளிலிருந்து ஒரு திகதியைச் சொல்வார். நீ கொப்பியில் பக்கத்தைத் தட்டி எடுப்பாய். நான் வாசித்து ஆங்கிலத்தில் சொல்வேன். அவர் ஒரு சரி போடுவார். ஒன்று, இரண்டு, ஐந்து, பத்து. பதினேழாவது தவணையில் நான் வாசித்தேன்: 'எங்கடை லோயர் அடுத்த மாதம் எந்தக் கிழமையும் அவெய்லபிள் எண்டவர். சிவப்புத் தலைமயிர்க்காரி பொலிஸ்காரன் லீவாம் எண்டாள். ஐஞ்சு மாதம் தள்ளிப் போட்டாச்சு.'

சைக்கிள் லோயர் பேனையை எடுக்கவில்லை. இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். அவருடைய தாளில் அந்தக் கட்டத்துக்குள் 'எதிர்த்தரப்பு அவகாசம் கேட்டது' என்று இருந்தது. வழக்கு ஏட்டில் எழுத்தர் எழுதிய ஒற்றை வரி அது; எதிர்த்தரப்பு என்றால் நாங்கள். அதைப் பார்த்துத்தான் அந்த ஐந்து மாதத்தையும் எங்கள் தலையில் போட்டிருக்கிறார்கள். அது எங்களுடையது இல்லையென்றால் இருபத்தொன்பது முப்பத்துநான்காகும், எல்லையைத் தாண்டும். மற்றத் தவணைகளுக்கெல்லாம் யார் என்ன பேசினார் என்ற எழுத்துப் பிரதி எடுத்திருந்தார்கள். இந்த ஒரு நாளுக்கு மட்டும் முதல் லோயர் எடுக்கவில்லை. எழுத்தருடைய வரி இருக்கிறதே என்று விட்டிருக்கிறார்.

இந்தக் கொப்பி நீதிமன்றத்தில் செல்லுமா என்று கேட்டேன். செல்லாது என்றார். ஆனால் அறையில் பேசியதெல்லாம் ஒலிப்பதிவாகிறது, பதிவு இருக்கும், அதைக் கேட்டு எழுதித் தருபவர்கள் இருக்கிறார்கள் என்றார். சொல்லச் சொல்ல அவருடைய குரல் வேகமாகிக்கொண்டு போனது. வெளியே வந்து படியில் இறங்கும்போது நீ என் கையைப் பிடித்தாய்.

"நான் பிழையாக் கேட்டிருந்தா?"

"நீ அப்பிடிக் கேக்கிற ஆளில்லை," என்றேன்.

"எனக்கு இங்கிலிஷ் தெரியாதெல்லே."

 உண்மையில் எனக்கும் பயம்தான். 'அவெய்லபிள்' என்றதை யார் சொன்னார், 'நொட் அவெய்லபிள்' என்றதை யார் சொன்னார்? ஒரு சின்னச் சொல் காதில் தவறியிருந்தால் எல்லாம் தலைகீழ்.

நான்கு வாரம் அந்தப் பயத்தோடு பாண் கட்டினோம். அந்தச் சனிக்கிழமை உன்னை வேலையிலிருந்து ஏற்றிக்கொண்டு வரும் வழியில் மின்னஞ்சல் வந்தது. பிரதி இதோடு இருக்கிறது, திங்கட்கிழமை கதைப்போம் என்று எழுதியிருந்தார் சைக்கிள் லோயர். திங்கள்வரை யார் பொறுப்பது? தொலைபேசியில் திறந்தால் எழுத்து எறும்பு மாதிரி. "எனக்குக் கையிலை பிடிச்சுப் பாக்கவேணும்," என்றாய். காரை நூலகத்துக்குத் திருப்பினேன்.

நான்காம் பக்கத்தை உன் கன்னத்திலிருந்து பிடுங்கி, அங்கேயே நின்று வாசித்தேன். முதலில் ஆங்கிலத்தில், பிறகு உனக்குத் தமிழில். நீதிபதி கேட்கிறார், இன்னும் முன்னதான திகதி கிடைக்காதா என்று. எங்கள் லோயர் சொல்கிறார்: அடுத்த மாதம் எந்த வாரமும் நாங்கள் தயார். அரசுத் தரப்பு எழும்பிச் சொல்கிறது: எங்கள் பொலிஸ் அதிகாரி விடுப்பில் இருக்கிறார், அவர் வந்த பிறகு ஒரு திகதி வேண்டும். பதினொராம் வரி. உன் கொப்பியில் இருந்தது அப்படியே, ஒரு சொல் பிசகாமல்.

நான் நூலகத்தில் நிற்கிறேன் என்பதை மறந்து சத்தம் போட்டுவிட்டேன். மேசையில் இருந்த பெண் எழும்பிப் பார்த்தார். நீ சத்தம் போடவில்லை. என் விரலைப் பிடித்து, எது அந்த வரி, தொட்டுக் காட்டு என்றாய். காட்டினேன். ஆங்கிலம் வாசிக்கத் தெரியாத நீ அந்த வரியை இடமிருந்து வலம் விரலால் மெதுவாய்த் தடவிக்கொண்டு போனாய். மை கொஞ்சம் உன் விரலில் ஒட்டியது.

மேன்முறையீடு ஜனவரியில் வந்தது. டவுன்ரவுனில், இரும்பு வேலி போட்ட அந்தப் பழைய கட்டடம். பனிக்குள் சப்பாத்து நனைய நடந்து போனோம். அன்ரனி அண்ணையைக் கொண்டுவரவில்லை. அவர் கிங்ஸ்ரன் பக்கத்துச் சிறையில் செய்திக்காகக் காத்திருந்தார். மேலே மூன்று நீதிபதிகள். நடுவில் இருந்தவர் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். சைக்கிள் லோயர் கறுப்பு அங்கியில் யாரோ வேறு ஆள் மாதிரி நிமிர்ந்து நின்றார். நான் உன் காதுக்குள் தமிழில் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

பத்து மாதத்தில் ஐந்து மாதம் எங்களுடைய பிழைதான், முதல் லோயருக்கு அந்த நேரம் வேறு வழக்கு இருந்தது என்று அவர் முதலிலேயே ஒப்புக்கொண்டார். நீ திரும்பி என்னைப் பார்த்தாய், ஏன் இப்படி விட்டுக்கொடுக்கிறார் என்று. பிறகு நான்காம் பக்கத்தை எடுக்கச் சொன்னார். மூன்று நீதிபதிகளும் தாளைப் புரட்டும் சத்தம் கேட்டது. அரசுத் தரப்புக்கு அன்றைக்கு வந்தவர் அமைதியான ஒரு மனிதர். கீழ் நீதிமன்ற ஏட்டில் எழுதியது பிழை என்பதை மறுக்கவில்லை. ஆனால் அந்த அதிகாரியின் விடுப்பு எதிர்பாராதது, அதைத் தங்கள் மேல் சுமத்தக் கூடாது என்றார்.

நடுவில் இருந்த நீதிபதி கண்ணாடியைப் போட்டார். பிரதியின் ஆறாம் பக்கத்தைப் பார்த்தீர்களா என்று கேட்டார். அந்த விடுப்பு மூன்று மாதத்துக்கு முன்னரே எழுதிக் கொடுத்ததாக உங்கள் சட்டத்தரணியே அங்கே சொல்கிறாரே, அப்படியானால் எதிர்பாராதது எப்படி என்றார். அந்த மனிதர் தாளைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார்.  உனக்கு அதைத் தமிழில் சொல்லத் தேவை இருக்கவில்லை. என் மணிக்கட்டை நீ பிடித்த பிடியின் அடையாளம் வீட்டுக்கு வந்த பிறகும் இருந்தது.

ஆனால் அன்றைக்கே தீர்ப்பு இல்லை. பிறகு சொல்வோம் என்று எழும்பிப் போய்விட்டார்கள். உனக்கு வந்த கோபம்! விசாரணை பிந்தினது பிழை என்று சொல்லத்தானே வந்தோம், அதைச் சொல்லவும் பிந்துகிறார்களே என்று படியில் நின்று பொரிந்து தள்ளினாய். சைக்கிள் லோயருக்கு அதை மொழிபெயர்த்துச் சொன்னேன். தலைக்கவசத்தைப் போட்டபடி அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

ஏழு வாரம். வேலைத் தளத்தில் தொலைபேசி வைத்திருக்க எங்கள் இருவரில் எனக்கு மட்டும் அனுமதி இருந்ததால் என் இலக்கத்தைத்தான் கொடுத்திருந்தோம். ஒரு வியாழக்கிழமை காலை பத்து மணி இருக்கும். மாவு எடை பார்த்துக்கொண்டு நின்றேன். பையில் தொலைபேசி அதிர்ந்தது. இரண்டே வரி. மேன்முறையீடு ஏற்கப்பட்டது. தண்டனை ரத்து, வழக்கு நிறுத்தம்.

ஓடினேன். நீ வரிசையின் மறுமுனையில், காதில் அடைப்பானோடு நின்றாய். இயந்திரச் சத்தத்தில் நான் கத்தியது எனக்கே கேட்கவில்லை. கை காட்டினேன், பாணில் ஏதோ பிழை என்று நினைத்து நீ பெட்டியைத் திறந்து பார்த்தாய். எனக்கு அழுகையும் சிரிப்புமாய் வந்தது. கீழே கிடந்த காகித அட்டைப் பெட்டி ஒன்றை எடுத்து, திகதி எழுதும் தடித்த பேனையால் பெரிதாய் எழுதித் தூக்கிப் பிடித்தேன்: 'விட்டாச்சு.'

நீ வாசித்தாய். இன்னும் மூன்று பாணை எடுத்துப் பெட்டியில் அடுக்கினாய். அதன் பிறகுதான் உன் கை நின்றது. பாண்கள் வந்துகொண்டே இருந்தன. ஒன்றன்மேல் ஒன்றாய் ஏறி நிலத்தில் விழத் தொடங்கின. தொழிற்சாலை மேற்பார்வையாளர் ஓடி வந்து சிவப்புப் பொத்தானை அழுத்தினார். தொழிற்சாலை அமைதியானது. அந்த அமைதியில் நீ காது அடைப்பானைக் கழற்றி, "திருப்பிச் சொல்லு," என்றாய். திருப்பிச் சொன்னேன். வரிசையில் நின்ற பெண்கள் எல்லோரும், விளங்கினவரும் விளங்காதவரும், கை தட்டினார்கள். மேற்பார்வையாளர் என்னைப் பார்த்து, போங்கள், இரண்டு பேரும் போங்கள் என்றார்.

தலைமயிர் வலையைக்கூடக் கழற்றாமல் நானூற்றொன்றாம் நெடுஞ்சாலையில் ஏறினோம். கிங்ஸ்ரன்வரை இரண்டரை மணித்தியாலம். வழியெல்லாம் நீ கதைத்தாய். நீ அப்படிக் கதைத்து நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. இறாலுக்கு நல்ல தேங்காய்ப்பால் எங்கே கிடைக்கும், வீட்டு மின்விளக்கு ஒன்று எரியவில்லை, அவர் வந்தால் மாற்றுவார், மன்னாரில் பேசாலைத் திருவிழாவில் கூட்டத்துக்குள் தொலைந்த உன் செருப்பு. ஒன்றுக்கொன்று தொடர்பில்லை. நானும் ஓம் ஓம் என்று ஓட்டிக்கொண்டு போனேன்.

நான்கு மணிக்கு அன்ரனி அண்ணை வெளியே வந்தார். கையில் ஒரு காகிதப் பெட்டி. ஆள் பாதியாகியிருந்தார். நீ ஓடிப்போய்க் கட்டிப்பிடிப்பாய் என்று நினைத்தேன். நீ நடந்துதான் போனாய். அவருடைய சட்டைக் கொலர் உள்ளுக்கு மடிந்திருந்தது. அதை எடுத்து வெளியே விட்டாய்.

"குளிருது. ஏறுங்கோ," என்றாய்.

திரும்பி வரும் வழியில் கோப்பிக் கடையில் நிறுத்தினோம். அவர் உள்ளே போனபோது நீ என்னிடம் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "அந்த மனுசன் நாலு தரம் பொல்லோடை வந்து திரும்பிப் போனவர். அவருக்கு இனி ஆர் பதில் சொல்லுறது?" அவ்வளவு சந்தோசத்துக்குள்ளும் நீ அதைக் கேட்டாய். வழக்கு நிறுத்தப்பட்டது என்றால் அன்ரனி அண்ணை நல்லவர் என்று தீர்ப்பு வந்ததாக அர்த்தமில்லை. அது உனக்கு எல்லோரையும்விட நன்றாக விளங்கியிருந்தது. உரிய காலத்துக்குள் விசாரித்திருந்தால் காவலாளிக்கும் ஒரு முடிவு கிடைத்திருக்கும். இழுத்ததால் இரண்டு பக்கமும் போனது.

அடுத்த மாதம் பாண் வரிசையில் நின்றபடி மிச்சத்தைச் சொன்னாய். அவர் வந்த மூன்றாம் நாள், குசினி மேசையில் அவரை இருத்திக் கேட்டிருக்கிறாய். அத்தனை வருடமும், கண்ணாடிக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் இருந்து கதைத்தபோது ஒரு நாளும் கேட்காத கேள்வி. அவர் மறைக்கவில்லை. களவுச் சாமான் என்று தெரியும். உள்ளே காவலாளி இருப்பார் என்று தெரியாது.

"அந்த மனுசன் கத்தினது கேட்டதோ எண்டு கேட்டன். ஓம் எண்டார். இறங்கிப் போனியளோ எண்டு கேட்டன். இல்லை எண்டார்."

பிறகு என்ன செய்தாய் என்று கேட்டேன். கூடத்தில் பாயைப் போட்டுக் கொடுத்தாயாம். கோயிலில் சுவாமியாரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்யப்போகிறேன் என்று அவர் எழும்ப, அங்கே போவதற்கு முதல் என் முகத்தைப் பார்த்து முழுவதையும் இன்னொரு தரம் சொல்லுங்கோ என்றாயாம். சொன்னாராம். இரண்டு வாரம் கழித்து உள்ளே கூப்பிட்டாய்.

"நான் முப்பத்தொன்பது மாதம் இழுக்கேல்லை. கேட்டன், சொன்னார், தீர்ப்பைச் சொல்லிப்போட்டன்," என்றாய். சொல்லிவிட்டு நீ சிரித்தாய். என்னால்தான் சிரிக்க முடியவில்லை.

அதற்குப் பிறகு உனக்குக் கிடைத்தது இரண்டு வருடம். நல்ல இரண்டு வருடம் என்று நீயே சொல்லுவாய். கணையத்தில் புற்றுநோய் என்று கண்டுபிடித்ததிலிருந்து எட்டு வாரம். அந்த எட்டு வாரமும் அன்ரனி அண்ணை ஆஸ்பத்திரிக் கதிரையை விட்டு எழும்பவில்லை. கடைசிக்கு முதல் வாரம் நான் வந்தபோது அவரைக் கோப்பி குடிக்க அனுப்பிவிட்டு என்னைப் பார்த்தாய்.

"உன்ரை வழக்கு என்ன மாதிரி?" என்றாய்.

எது என்று எனக்கு விளங்கியது. ஸ்ரௌவ்வில்லில் இருக்கும் என் அக்காவோடு நான் அப்போது ஒன்பது வருடமாய்க் கதைக்காமல் இருந்தேன். எங்கள் அப்பா கடைசியாய் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அக்காதான் பக்கத்தில் நின்றாள். அப்பா போன பிறகுதான் எனக்குச் சொன்னாள். முகத்தைப் பார்க்க விடவில்லையே என்ற கோபம். ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்காமலே தீர்ப்பு எழுதிவிட்டேன். இதை உனக்கு எப்போதோ காரில் வரும்போது சொல்லியிருந்தேன்.  ஆஸ்பத்திரியில் அந்த ஒரு கேள்வியோடு நிறுத்திக்கொண்டாய்.

நீ போய் ஒரு மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அக்கா வீட்டு மணியை அடித்தேன். அந்தப் புது வீட்டை நான் அதுவரை கண்டதில்லை. கதவைத் திறந்த அக்காவின் தலை முழுக்க நரைத்திருந்தது. அவள் கதவை அகலத் திறந்து விலகி நின்றாள். சப்பாத்தைக் கழற்ற முன்னரே கேட்டுவிட்டேன், இல்லாவிட்டால் கேட்கமாட்டேன் என்று தெரியும்.

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"அப்பாதான் வேண்டாம் எண்டவர்," என்றாள் அக்கா. "றோட்டெல்லாம் ஐஸ். நீ அழுதுகொண்டு கார் ஓடுவாய் எண்டு பயந்தவர். விடியட்டும், பிறகு சொல்லு எண்டவர். விடியிறதுக்கு முதல் போயிட்டார்."

நான் வாசலில் விரித்திருந்த கம்பளத்தின் மேலேயே இருந்துவிட்டேன். அக்காவும் பக்கத்தில் இருந்தாள். ஏன் இதை என்னிடம் வந்து சொல்லவில்லை என்று கேட்டேன். "நீ கேக்கேல்லையே," என்றாள். அவ்வளவுதான். பின்னேரம்வரை இருந்து, அவள் ஆக்கிய சோற்றைச் சாப்பிட்டுவிட்டு வெளிக்கிட்டேன். வழியில், முதல் சிவப்பு விளக்கில் நிற்கும்போது, யோசிக்காமலே உன் இலக்கத்தை அழுத்திவிட்டேன். யாருக்காவது உடனே சொல்ல வேண்டும்போல இருந்தது. மணி அடித்தது. அன்ரனி அண்ணை எடுத்தார். உன் இலக்கத்தை அவர் இன்னும் நிறுத்தவில்லை.

அக்கா வீட்டுக்குப் போனேன் என்றேன். கேட்டேன் என்றேன். அவள் சொன்னதையும் சொன்னேன். விளக்கு பச்சையாகி, பின்னால் வந்தவர்கள் ஹோர்ன் அடித்தார்கள்; ஓரத்தில் நிறுத்திக்கொண்டேன். 

"அவ இருந்தா, ஏன் இவ்வளவு நாள் எடுத்தனீ எண்டு உங்களை ஏசியிருப்பா," என்றார் அன்ரனி அண்ணை. பிறகு, "ஏசிப்போட்டுச் சந்தோசப்பட்டிருப்பா," என்றார்.

அந்த இலக்கம் என் தொலைபேசியில் உன் பெயரிலேயே இருக்கிறது. அக்கா இந்தச் சனிக்கிழமை வோபர்னுக்கு வருகிறாள்.